பழைய கணினியைத் தூக்கிப் போடும் முன்

சிரம்பானிலிருந்து தெற்கே போகும் கொமுட்டர் ரயிலில் செனவாங்கை அடுத்த நிலையம் சுங்கை காடுட். பால்மரமும் பிறகு செம்பனையுமாக நின்ற வட்டாரத்தில் இன்று தாமான்களும் துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டையின் ஆலைகளும் நிற்கின்றன. நெகிரி செம்பிலானில் எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான். தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், சனங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்தார்கள். ஆனால் தோட்டத்துக் கோயில்கள் பல இன்னும் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரில் தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' என்பது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் லாடாங்கே இல்லாதபோதும்.

அந்தக் கோயில் அலுவலகங்களிலும் பெற்றோர் ஆசிரியர் சங்க அறைகளிலும் மேசைக்கு அடியில் ஒரு பழைய கணினி இருக்கும். அதன்மேல் தூசி படிந்திருக்கும், விசைப்பலகையில் நாலைந்து எழுத்து அழிந்திருக்கும். யாரோ ஒரு செயலாளர் 1998-லோ 2003-லோ வாங்கியது. அதற்குள் திருவிழாக் கணக்கு இருக்கும், உபயகாரர் பட்டியல் இருக்கும், கும்பாபிஷேக மலர் இருக்கும், வயதான பால்மரத் தொழிலாளர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிய தோட்ட வரலாறு இருக்கும். சில இடங்களில் பழைய கல்யாணப் பதிவேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்த பட்டியலும் இருக்கும். இந்தக் கடைசிப் பட்டியலைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. முஸ்லிம் அல்லாதார் திருமணத்துக்கான 1976-ஆம் ஆண்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1-ஆம் தேதிதான். அதற்கு முன் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிய எத்தனையோ தம்பதிகளுக்குக் கோயில் ஏட்டில் உள்ள ஒரு வரிதான் எழுத்துச் சான்று. ஏட்டைக் கரையான் தின்றிருந்தால், மிஞ்சியிருப்பது கணினியில் இருக்கும் நகல் மட்டுமே.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பல நிர்வாகக் குழுக்கள் புதுக் கணினி வாங்கத் தொடங்கியிருக்கின்றன. ஒதுக்குவது என்று ஆரம்பித்துவிட்டால் விண்டோஸ் 10 கணினியோடு, மூலையில் கிடக்கும் எக்ஸ்பி கணினியும் 98 கணினியும் சேர்ந்து பழைய சாமான் லாரியில் ஏறிவிடும். ஏற்றுவதற்கு முன் யாராவது ஓர் இளைஞர் பென்டிரைவைச் செருகி 'மை டாக்குமென்ட்ஸ்' முழுவதையும் அதில் இழுத்துப் போட்டிருப்பார். எல்லாம் எடுத்தாயிற்று என்று எல்லாரும் நினைப்பார்கள். புதுக் கணினியில் கோப்பைத் திறக்கும்போதுதான் தெரியும், உள்ளே இருப்பது தமிழ் இல்லை, வெறும் கிறுக்கல் என்று.

எழுத்து ஓரிடம், உருவம் ஓரிடம்

யூனிகோட் தரத்தில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் நம் மேசைமேல் அது ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கியது விண்டோஸ் 2000 வந்த பிறகுதான். இடைப்பட்ட காலத்தில் தமிழில் தட்டச்சு செய்ய நினைத்தவர்களுக்கு ஆளுக்கொரு வழி இருந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் கைகொடுத்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் கணியன் இருந்தது. இணையத்தில் கூடிய தமிழர்கள் டிஸ்கி என்ற குறியேற்றத்தை வகுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டிலிருந்து தாம், தாப் என்று இரண்டு தரங்கள் பிறந்தன. இவை போதாதென்று ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த பாமினி போன்ற எழுத்துருக்களும் பரவின.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. கோப்புக்குள் இருப்பது வெறும் எண்கள். அந்த எண்ணைத் தமிழாகக் காட்டுவது அந்தக் கணினியில் நிறுவியிருக்கும் எழுத்துரு. பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரியும்போது கோப்பில் பதிவாகியிருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஐந்து குறிகளேதான் கண்ணுக்குத் தெரியும். டிஸ்கியில் 128 முதல் 255 வரையுள்ள எண்களில் தமிழ் இருக்கும். வேற்று எழுத்துருவில் திறந்தால் ஐரோப்பிய மொழிகளின் புள்ளியும் கோடும் வைத்த எழுத்துகளாகச் சிதறும்.

அப்படியானால் எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். பாதி போதும். கும்பாபிஷேக மலரைப் பக்கம் கட்டியது பெரும்பாலும் பேஜ்மேக்கர் மென்பொருளில். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். அதன் இடத்தைப் பிடித்த இன்டிசைன், சிஎஸ்6 வரைதான் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது. ஆகவே கோப்பு, எழுத்துரு, தட்டச்சு மென்பொருள், பக்கம் கட்டும் மென்பொருள், இவற்றையெல்லாம் தாங்கும் பழைய விண்டோஸ் ஆகிய ஐந்தும் ஒன்றாக இருந்தால்தான் அந்த மலர் மலராகத் தெரியும். இவற்றைத் தனித்தனியாகப் பொறுக்கி எடுக்க முடியாது. மொத்தக் கணினியையும் அப்படியே எடுக்க வேண்டும்.

அப்படி எடுப்பதற்குப் பெயர்தான் டிஸ்க் இமேஜ். லயத்து வீட்டைக் காலி செய்யும்போது தட்டுமுட்டுச் சாமானை மட்டும் லாரியில் ஏற்றுவது கோப்புகளை நகலெடுப்பதற்குச் சமம். சுவர், கூரை, சாமி மாடம், சுவரில் அடித்த ஆணி வரை வீட்டையே பெயர்த்துக்கொண்டு போவதுதான் இமேஜ். ஹார்ட் டிஸ்க் தன்னைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை வரிசையாகப் படித்து ஒரே பெரிய கோப்பாக எழுதினால் துவக்கப் பகுதி, பகுதிப் பட்டியல், மறைந்திருக்கும் கோப்புகள், அழித்தும் முற்றிலும் அழியாத கோப்புகள் எல்லாமே அதில் வந்துவிடும். ஒன்றுமட்டும் வராது. அந்தக் காலத்துத் தமிழ்ப் பதிப்பு மென்பொருள்கள் சில, கணினியின் பின்புறம் பிரிண்டர் துளையில் ஒரு பூட்டுச் சில்லைச் செருகினால்தான் ஓடும். அப்படி ஏதாவது செருகியிருந்தால் அதைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். அதைத் தூக்கி எறிந்தால் இமேஜ் இருந்தும் அந்த மென்பொருள் திறக்காது.

எடுக்கும்போது வரும் கோளாறுகள்

பல ஆண்டு தூங்கிய கணினியை உடனே முடுக்கிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். முதலில் பெட்டியைத் திறந்து தூசியைத் தட்டுங்கள். தாய்ப்பலகையில் நிற்கும் சின்ன உருளைகளின் தலை வீங்கியிருக்கிறதா, பழுப்பு நீர் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த பலகைகள் பலவற்றுக்கு இந்த வியாதி உண்டு. வீங்கியிருந்தால் அந்தக் கணினிக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, யுஎஸ்பி இணைப்பி வழியாக வேறு கணினியில் மாட்டுவதே நல்லது. பழைய டிஸ்க் என்றால் நாற்பது ஊசி கொண்ட ஐடிஇ வகையாக இருக்கும். அந்த வகைக்கான இணைப்பி இன்றும் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. பலகை நன்றாக இருந்தும் கணினி கறுப்புத் திரையில் நின்று எஃப்1 விசையை அழுத்தச் சொன்னால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சிஆர் 2032 பேட்டரி தீர்ந்து, கணினி தேதியை மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்து டிஸ்க்கின் உடல்நிலை. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பைக் காட்டும். அதில் 5, 197, 198 என்ற எண்ணுள்ள வரிகளைப் பாருங்கள். அவற்றின் மூல மதிப்பு சுழியாக இருந்தால் நிம்மதி. 197-இல் ஏதாவது எண் இருந்தால், டிஸ்க் சில கட்டங்களைப் படிக்கத் திணறுகிறது என்று பொருள். 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கோளாறு டிஸ்க்கில் இல்லை, கேபிளில். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இந்த இடத்தில்தான் நல்ல மனதோடு பலர் பெரிய கேட்டைச் செய்துவிடுகிறார்கள். டிஸ்க் திணறுகிறது என்று தெரிந்ததும் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓடவிடுகிறார்கள். செக்டிஸ்க் என்பது கோப்பு அமைப்பைச் சீர்செய்யும் கருவி. உங்கள் கோப்பைக் காப்பது அதன் வேலை இல்லை. சீர்செய்கிறேன் என்று அட்டவணையை மாற்றி எழுதும். படிக்க முடியாத இடத்தை மறுபடி மறுபடி தட்டி, சாகக் கிடக்கும் டிஸ்க்கை இன்னும் சீக்கிரம் சாகடிக்கும். முதலில் இமேஜ், பிறகுதான் வைத்தியம். அந்த வைத்தியமும் இமேஜின் நகல்மீது நடக்க வேண்டும், மூல டிஸ்க்கின்மீது கூடாது. வேறு எதை மறந்தாலும் இந்த வரிசையை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படிக்கத் திணறும் டிஸ்க்குக்கு என்றே டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. ரெஸ்க்யூசில்லா, சிஸ்டம் ரெஸ்க்யூ போன்ற லினக்ஸ் பென்டிரைவ்களில் அது சேர்ந்தே வரும். சாதாரண நகலெடுப்பு மென்பொருள் ஒரு கெட்ட கட்டத்தைக் கண்டதும் பிழை சொல்லி நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ கெட்ட இடத்தைத் தாண்டிக் குதித்து, நன்றாக இருக்கும் பகுதிகளை எல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். பிறகுதான் திரும்பி வந்து கெட்ட பகுதியை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எதைப் படித்தாயிற்று, எது பாக்கி என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த வரைபடக் கோப்பைப் போட மறந்தால் எல்லாம் முதலிலிருந்துதான். மூல டிஸ்க் எது, சேமிக்கும் டிஸ்க் எது என்பதைக் கட்டளை கொடுக்குமுன் இரண்டு பேர் பார்த்து உறுதி செய்யுங்கள். இரண்டும் இடம் மாறினால் பழைய டிஸ்க்கின்மேல் வெறுமை எழுதப்பட்டுவிடும்.

நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 7, 10 கணினிகளில் வேறு வகைத் தொல்லைகள். இமேஜ் எடுக்கும் மென்பொருள் பாதியில் நின்று, ஷேடோ காப்பி தவறிவிட்டது என்று சொல்லும். கணினி ஓடும்போதே படம் பிடிக்க வேண்டும் என்பதால் விண்டோஸ் ஒரு கணத்தின் நிலையை உறைய வைத்துக் கொடுக்கிறது. அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் வால்யூம் ஷேடோ காப்பி. அது தவறுவதற்கு அடிக்கடி காணும் காரணம், கண்ணுக்குத் தெரியாத 'சிஸ்டம் ரிசர்வ்ட்' பகுதியில் இடம் இல்லாமல் போவது. 500 எம்பிக்குக் குறைந்த பகுதியில் குறைந்தது 50 எம்பி காலியாக இருக்க வேண்டும். ஒரே கணினியில் இரண்டு பேக்கப் மென்பொருள்கள் இருந்து ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. ஒன்றை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி முடுக்கினாலே பாதிக் கோளாறு தீரும்.

இமேஜ் சரியாக 4 ஜிபியில் நின்றுபோனால் யோசிக்கவே வேண்டாம். வெளி டிஸ்க் ஃபேட்32 வகையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அந்த வகையில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் போதும், ஆனால் மாற்றும்போது அதில் உள்ளதெல்லாம் அழியும் என்பதால் முதலில் அதைக் காலி செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, மிகப் பழைய கணினிகளின் யுஎஸ்பி 1.1 துளை நொடிக்கு ஏறக்குறைய 1 எம்பிதான் தள்ளும். 40 ஜிபி டிஸ்க்குக்குப் பதினோரு மணி நேரம் ஆகும். கணினி கெட்டுவிட்டது என்று நினைத்து நடுவில் பிடுங்கிவிட வேண்டாம்.

எடுத்த இமேஜைச் சரிபார்க்கும்போது பிழை வந்தால், மறுபடியும் ஒருமுறை சரிபாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிழை வந்தால் குறை கோப்பிலோ அதை வைத்திருக்கும் டிஸ்க்கிலோ இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வந்தால் கணினியின் ராம் நினைவகத்தையோ யுஎஸ்பி கேபிளையோ சந்தேகப்படுங்கள். மெம்டெஸ்ட் கருவியை ஓர் இரவு ஓடவிட்டால் ராம் பற்றிய உண்மை தெரிந்துவிடும்.

எந்த மென்பொருளில் எடுப்பது என்று கேட்பார்கள். பழைய தமிழ்க் கணினிகளைப் பொறுத்தவரை என் பதில் ஒன்றுதான். எந்தக் கம்பெனியின் தனி வடிவத்திலும் எடுக்காதீர்கள், கட்டத்துக்குக் கட்டம் அப்படியே எழுதிய வெற்றுக் கோப்பாக எடுங்கள். அந்தக் காலத்தில் கோஸ்ட் என்றாலே இமேஜ் என்று இருந்தது. நியூசிலாந்தில் பிறந்து, 1998-இல் சிமான்டெக் கைக்குப் போய், நார்ட்டன் கோஸ்ட் என்று கடைகளில் விற்ற அந்த மென்பொருளின் விற்பனை 2013-இல் நின்றது. பலர் நம்பியிருந்த மேக்ரியம் ரிஃப்லெக்ட்டின் இலவசப் பதிப்புக்கும் 2024 தொடக்கத்தோடு ஆதரவு முடிந்தது. கம்பெனி கடையைச் சாத்தும்போது அதன் பூட்டுக்குள் நம் தோட்ட வரலாறு இருக்கக் கூடாது. வெற்றுக் கோப்பு இடத்தை அடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து டிஸ்க் 20 ஜிபி, 40 ஜிபி. இன்றைய ஒரு டெராபைட் டிஸ்க்கில் இருபது கோயில்களின் கணினிகளை வைக்கலாம்.

திரும்ப எடுத்துப் பார்க்காதது பேக்கப் இல்லை

பெரிய இடங்களிலேயே பேக்கப் தவறியிருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்பகத்தை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபி மிஞ்சியது. அவர்களிடம் பல வகை பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. தேடிப் பார்த்தபோது ஒன்றும் உதவவில்லை. தினமும் ஓட வேண்டிய பேக்கப், மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் பல நாளாகத் தவறிக்கொண்டிருந்தது. தவறியதைச் சொல்லும் மின்னஞ்சல்களை அஞ்சல் பாதுகாப்பு விதி ஒன்று நிராகரித்ததால் எச்சரிக்கை யார் கண்ணிலும் படவில்லை. வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்த பிரதி ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றியது.

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் கொடுமை. 2021 டிசம்பரில் அங்குள்ள மீத்திறன் கணினியில் பேக்கப் ஏற்பாட்டைச் சேர்ந்த ஒரு நிரலே கோப்புகளை அழித்தது. பழைய பதிவுக் கோப்புகளை நீக்க எழுதிய நிரலை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுப்பித்தார்கள். பாதி பழசும் பாதி புதுசுமாகப் படித்த கணினி, எந்தக் கோப்பகம் என்பது தெரியாமல் ஆராய்ச்சியாளர்களின் கோப்பகத்தையே துடைத்தது. 77 டெராபைட், ஏறக்குறைய 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 14 ஆராய்ச்சிக் குழுக்களின் உழைப்பு.

பேக்கப் மென்பொருள் பச்சைக் குறி காட்டியது என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10 போன்ற அண்மைக் கணினி என்றால் ஒரு பழைய டிஸ்க்கை மாட்டி அதில் இமேஜை இறக்கி, கணினி எழுகிறதா என்று பாருங்கள். மூல டிஸ்க்கையும் இறக்கிய டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் மாட்டாதீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பி ஒன்றை முடக்கி வைத்துவிடும்.

எழவில்லை என்றால் பெரும்பாலும் பயாஸ் அமைப்பில்தான் காரணம் கிடக்கும். பழைய முறையில் நிறுவிய விண்டோஸை யுஇஎஃப்ஐ முறையில் எழுப்ப முயன்றால் துவக்கச் சாதனம் இல்லை என்றே சொல்லும். நீலத்திரையில் 7பி என்ற எண் வந்தால், டிஸ்க்கைக் கையாளும் முறை மாறிவிட்டது என்று பொருள். பயாஸில் ஏஎச்சிஐ, ரெய்டு, ஐடிஇ என்று இருக்கும் தேர்வைப் பழைய கணினியில் இருந்தபடி மாற்றுங்கள். புதிய இன்டெல் மடிக்கணினிகளில் மீட்புப் பென்டிரைவ் ஓடும், ஆனால் உள்ளே இருக்கும் டிஸ்க் அதன் கண்ணுக்கே தெரியாது. விஎம்டி என்ற அமைப்புக்கான இயக்கியை அதற்குக் கொடுக்க வேண்டும். டிஸ்க் பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி, கணக்குப் புத்தகத்தோடு வையுங்கள். அதே கணினிக்குள் சேமித்து வைத்துப் பயனில்லை.

எக்ஸ்பி, 98 காலத்துத் தமிழ்க் கணினிக்கு வேறு வழி, அதுதான் இந்த வேலையிலேயே இனிமையான பகுதி. வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருள் புதுக் கணினிக்குள் ஒரு பழைய கணினியை உருவாக்கித் தரும். டிடிரெஸ்க்யூவில் எடுத்த வெற்றுக் கோப்பை அதனோடு வரும் துணைக்கருவியே தனக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். டிஸ்க்கை ஐடிஇ வகைக் கட்டுப்பாட்டியில் மாட்டினால் எக்ஸ்பி எழுந்துவர வாய்ப்பு அதிகம். இணைய இணைப்பைக் கட்டாயம் துண்டித்து வையுங்கள். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன. உடம்பு மாறியதைக் கண்டு எக்ஸ்பி உரிமத்தை மறுபடி உறுதிப்படுத்தச் சொல்லும், 98-க்கு அந்தத் தொல்லை இல்லை. உரிமம் தகராறு செய்தாலும் மோசம் போய்விடவில்லை, இமேஜை ஒரு டிஸ்க்காக ஏற்றி உள்ளிருக்கும் எழுத்துருவையும் கோப்புகளையும் எடுத்துக்கொள்ளலாம்.

எழுந்துவிட்டால், அந்தச் செயலாளர் கடைசியாக அணைத்துவிட்டுப் போனபோது இருந்த மேசைப்படம், குறுவழிகள், முரசு அஞ்சல் எல்லாம் அப்படியே இருக்கும். பேஜ்மேக்கரில் கும்பாபிஷேக மலரைத் திறந்தால் தலைவர் உரையும் உபயகாரர் பட்டியலும் நல்ல தமிழில் வரும். உள்ளிருந்தபடியே பிடிஎஃப் ஆக அச்சிட்டு வெளியே எடுங்கள். பார்ப்பதற்கு அது போதும். தேடவும் திருத்தவும் வேண்டுமென்றால் உரையை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றிகள் பல உண்டு. மாற்றியபின் கண்ணால் மெய்ப்புப் பார்க்காமல் விடக் கூடாது. அந்தக் காலத்தில் கால் போட வேண்டிய இடத்தில் ரகரத்தையும், ரகரத்தின் இடத்தில் காலையும் அடித்த கைகள் நிறைய. திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரிந்ததால் யாரும் கவனிக்கவில்லை. மாற்றியபின் 'உபயகாரர்' உடைந்து நிற்கும். ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து அடித்த 'ஔவை', தேடலில் கிடைக்கவே கிடைக்காது. ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் தெரிந்த முதியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. ஒரு பெயரைத் திருத்தும்போது அவர் அந்தக் குடும்பத்தின் கதையையே சொல்வார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது

நெகிரி செம்பிலானில் பிற்பகல் இடிமழை புதிதல்ல. இடி இறங்கினால் கணினியும் அதில் செருகியிருக்கும் வெளி டிஸ்க்கும் ஒன்றாகவே போகும். பணம் கேட்டு மிரட்டும் தீநிரல் புகுந்தாலும் அப்படித்தான், செருகியிருக்கும் எல்லா டிஸ்க்கும் பூட்டப்படும். புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு இன்றும் செல்லும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். கோயில் பீரோவில் ஒன்று இருந்தால் மற்றொன்று சிரம்பானிலோ ரந்தாவிலோ ஓர் உறுப்பினர் வீட்டில் இருக்கட்டும். மூன்றாவதை மேகச் சேமிப்பில் ஏற்றலாம், ஆனால் அடையாள அட்டை எண்ணும் கல்யாணப் பதிவும் உள்ள இமேஜைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டாமல் ஏற்றாதீர்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் சிடிகளிலும் டிவிடிகளிலும் பூஞ்சை பிடித்து அவை படிக்க முடியாமல் போகும். எஸ்எஸ்டியை மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பீரோவில் போட்டு வைத்தால், அதுவும் வெப்பத்தில், பதிவு மெல்ல மங்கும். நெடுநாள் வைப்புக்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க்கே நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை அதை முடுக்கி, முதல் நாள் குறித்து வைத்த ஷா 256 சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த எண் மாறிவிடும். மாறியிருந்தால் அடுத்த பிரதியிலிருந்து புதிதாக ஒன்று எடுத்து வைக்கலாம்.

டிஸ்க்கின்மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். எந்தக் கணினி, எப்போது எடுத்தது, எந்த விண்டோஸ், என்ன எழுத்துரு, எந்தக் கருவியால் எடுத்தது, யார் எடுத்தார் என்ற ஆறு விவரம் போதும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நிர்வாகம் மாறும் சங்கங்களில் கடவுச்சொல் ஒருவர் தலையில் மட்டும் இருந்தால் அவரோடு அதுவும் போய்விடும். பதிவு பெற்ற ஆலயச் சங்கங்கள் ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்பியாக வேண்டும். அந்தக் கூட்டத்தில் சொத்துப் பட்டியல் வாசிக்கும்போது நகை, பாத்திரம், நாற்காலி என்று வரும் வரிசையில் இந்த டிஸ்க்கையும் சேர்த்து வாசியுங்கள். பழைய பொருளாளர் புதிய பொருளாளரிடம் சாவிக்கொத்தைக் கொடுக்கும்போது டிஸ்க்கையும் கையில் கொடுத்து, புதியவர் அதைச் செருகித் திறந்து பார்த்தபின் கையெழுத்துப் போடட்டும்.